பழைய கணினியும் புதிய இயங்குதளமும்

கச்சிராயபாளையம் கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கள்ளக்குறிச்சிக்கு மேற்கே அமைந்த ஊர். மலையில் தோன்றி இறங்கிவரும் கோமுகி ஆற்றை 1960களில் இவ்வூரின் அருகே அணை கட்டித் தேக்கினர். அணைநீர் பாயும் வயல்களில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. கரும்பை ஆட்டுதற்குக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் இங்கு உண்டு. இத்தகைய ஊர்களின் வீடுகளில், பரண்மீதோ தகரப் பெட்டியினுள்ளோ, பழந்துணியில் சுற்றிய மடிக்கணினி ஒன்று கிடத்தல் இன்று அரிதன்று. பல வீடுகளுக்கு அதுவே முதன்முதலாக வந்த கணினி. அதனைப் பற்றி வினவினால், "அது பழசாகிவிட்டது; இனி அதில் ஒன்றும் ஓடாது" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். இவ்விடையில் எவ்வளவு உண்மை உளது என்பதை ஆராய்தல் வேண்டும். ஏனெனில், மற்றொரு கணினி வாங்கும் வசதி எல்லா வீட்டிற்கும் இல்லை.

தமிழ்நாட்டரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேனிலை வகுப்பிற் பயின்றோர்க்கும், கல்லூரி மாணவர்க்கும் எல்காட் நிறுவனத்தின் வழியாகக் கணினிகள் வாங்கி அளிக்கப்பட்டன. அடுத்துவந்த ஆண்டுகளில் வழங்கப்பட்டவற்றின் தொகை ஏறத்தாழ 50 இலட்சம். இவை பொதுமக்களின் வரிப்பணத்தால் வந்தவை. ஒருவர் படித்து முடித்தபின் அவர் தம்பிக்கும் தங்கைக்கும் பயன்படத்தக்கவை. அவ்வாறு பயன்படாமல் அவற்றுட் பல உறங்குவதற்குக் காரணம் கருவியின் தேய்வு மட்டுமன்று. அதன்மேல் ஓடும் இயங்குதளத்தின் கதையும் ஆகும்.

இயங்குதளம் என்பது யாது? திரை, விசைப்பலகை, வட்டு, ஒலிபெருக்கி முதலிய உறுப்புகள் ஒருபுறம். கடிதம் எழுதுதற்கும் கணக்கிடுதற்கும் உரிய பயன்பாடுகள் மறுபுறம். இரண்டிற்கும் இடையே நின்று ஏவல் பெற்று ஏவல் செய்விக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். ஒவ்வோர் உறுப்பின் இயல்பையும் அறிந்து அதனோடு பேசவல்ல சிறு நிரலுக்கு இயக்கி என்று பெயர். இயக்கி வாய்க்காத உறுப்பு, மொழிபெயர்ப்பாளன் இல்லாத அவையில் அமர்ந்த அயல்நாட்டான் போல்வது. அவன் ஊமையல்லன், ஆயினும் அவன் சொல் அவையேறுவதில்லை.

இயங்குதளத்தை ஆக்குவோர் அதனைக் குறித்த காலம்வரையே பேணுவர். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 சனவரி 14ஆம் நாளோடு முடிந்தன. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்தது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11ஓ, தன்னை நிறுவுதற்குச் சில தகுதிகளை விதித்தது. நினைவகம் 4 கிகாபைட்டேனும் இருத்தல் வேண்டும். டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு இருத்தல் வேண்டும். மையச் செயலியோ, நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் இடம்பெற்றதாக இருத்தல் வேண்டும். இன்டெல் செயலிகளுள் பெரும்பாலும் 2017க்குப் பிற்பட்டவையே அப்பட்டியலில் உள்ளன. 2011இலும் 2014இலும் வழங்கப்பட்ட கணினிகள் இவ்வாயிலில் நுழைதல் எங்ஙனம்? இவற்றையே 'ஆதரவற்ற வன்பொருள்' என்கின்றனர்.

ஈண்டு ஒரு சொல்லாராய்ச்சி வேண்டும். 'ஆதரவு இல்லை' என்பதற்கு 'இயலாது' என்பது பொருளன்று. 'இயங்கினும் இயங்காவிடினும் அதற்குப் பொறுப்பேற்கமாட்டோம்' என்பதே அதன் பொருள். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை உணராதார், மறுத்தவர் ஒருவர் என்பதை மறந்து, கருவியே மறுத்துவிட்டதாகக் கொள்வர். ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். அக்காலத்துச் சிறு மடிக்கணினிகள் பலவற்றோடு விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்னும் பதிப்பு வந்தது. அது 32 பிட்டு வடிவில் மட்டுமே கிடைத்தது. 2 கிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தையும் பயன்கொள்ளாது. ஆகவே அதனைத் தாங்கிய கணினியைத் திறந்து பார்த்தவர் '32 பிட்டு' என்ற எழுத்தைக் கண்டு, கருவியே 32 பிட்டு என்று எண்ணினர். உள்ளிருந்த செயலி 64 பிட்டாக இருந்ததும், மற்றொரு நினைவகத் தகட்டைச் செருக இடமிருந்ததும் உண்டு. உடுத்த சட்டை சிறியதாயின் உடல் சிறியது என்று தீர்ப்பளிக்கலாமா?

பழைய கணினி குறித்து ஊரில் இருவகைக் கருத்து நிலவுகிறது. 'பழையதைக் கழித்துப் புதியதை வாங்குக' என்பது ஒன்று. கடைக்காரர்க்கு இது இனிய கருத்து. கரும்பு வெட்டும் கூலியில் குடும்பம் நடத்துவார்க்கு இதனைக் கூறுதல், பசித்தவனை விருந்துண்ணச் சொல்லும் அறிவுரையாகும். 'விதிகளை ஏய்த்து விண்டோஸ் 11ஐயே நிறுவிவிடலாம்' என்பது மற்றொன்று. நிறுவும்போது நிகழும் தகுதிச் சோதனைகளைத் தவிர்க்கும் வழிகள் உண்மையிலேயே உள்ளன. பலர் அவற்றைக் கையாண்டு வெற்றியும் கண்டனர். இரண்டாங் கருத்தை முற்றாகத் தள்ளுதற்கில்லை. ஆயினும் அதில் அடங்கிய இடரை அறிந்தே அதனைக் கைக்கொள்ளல் வேண்டும். அவ்வாறு நிறுவிய கணினிக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்ற உறுதி இல்லையென்று அந்நிறுவனமே அறிவித்துள்ளது.

இடர் எத்தகையது என்பது 2024இல் புலனாயிற்று. அவ்வாண்டு வெளியான 24எச்2 என்னும் பதிப்பு, செயலியில் சில கட்டளைகள் இருந்தே தீரவேண்டும் என்ற நிலையில் ஆக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று, ஓர் எண்ணை இரும வடிவில் எழுதினால் அதில் எத்தனை ஒன்றுகள் உள்ளன என்று எண்ணிச் சொல்லும் கட்டளை. இன்டெல் செயலிகளில் இக்கட்டளை 2008இல் புகுத்தப்பட்டது. எனினும் 2011 வரை விற்கப்பட்ட மலிவுவிலைச் செயலிகள் சிலவற்றில் இவ்வரிசைக் கட்டளைகள் முழுமையாக இல்லை. முன்னர்த் தகுதிச் சோதனையை ஏய்த்து ஓடிக்கொண்டிருந்த அத்தகைய கணினிகள், இப்பதிப்பை ஏற்றியவுடன் தொடங்கவே மறுத்தன. இங்கு மறுத்தது நிறுவனமன்று, கருவியே. வாயிற்காவலனை ஏய்த்து உள்ளே செல்லலாம். வீட்டில் இல்லாத ஏணியை எங்ஙனம் ஏறுவது? 'பொறுப்பேலோம்' என்பதும் 'இயலாது' என்பதும் வேறு வேறு என்று கூறியதன் கருத்து இதனால் மேலும் தெளிவாகும்.

இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வழி லினக்ஸ். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் அதன் உட்கருவை எழுதி வெளியிட்டார். மூலநிரலை யாவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையுண்டு. 1993இல் தொடங்கிய டெபியன் அதனை அடிப்படையாகக் கொண்ட தொகுப்புகளுள் மூத்தவற்றுள் ஒன்று. டெபியனைத் தழுவி, நடுவணரசின் சி-டாக் நிறுவனம் 2007இல் பாஸ் லினக்ஸ் என்பதை வெளியிட்டது. இந்திய மொழிகளில் இயங்கத்தக்க இது, தமிழ்நாட்டரசு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசோடு உடன் இருந்தது. கணினியைத் தொடங்கும்போது இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கலாம். எத்துணை மாணவர் அதனைத் தெரிந்தெடுத்தனர் என்பது வேறு செய்தி. சொல்லிக்கொடுப்பார் இன்றி வைக்கப்பட்ட பொருள் பெரும்பாலும் தொடப்படாமலே கிடந்தது. கருவியை வழங்கிய திட்டம், அதனைப் பேணும் அறிவை வழங்குவதில் சுருங்கியே இருந்தது என்று கூறுதல் தவறாகாது.

லினக்சும் எல்லாப் பழங்கருவியையும் என்றென்றும் தாங்கும் என்று எண்ணற்க. 386 என்னும் பழைய செயலிக்குரிய பகுதி 2012இல் அதன் உட்கருவினின்று நீக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, 32 பிட்டுக் கணினிகளில் புதிதாக நிறுவும் வசதியைக் கைவிட்டது. எனினும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. ஒரு நிறுவனம் கதவடைத்தால் வேறொருவர் அதனைத் திறத்தல் இயலாது. இங்கோ, மூலநிரல் பொதுவில் இருத்தலின், பேண விரும்புவார் உள்ளவரை பழங்கருவியும் வாழும்.

இனி, நிறுவியபின் தோன்றும் கோளாறுகளைக் காண்போர் மேற்கொள்ள வேண்டிய முறையே இப்பொருளின் உயிர்நிலை. ஒரு மாணவி, தன் தமக்கைக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன் கிடைத்த மடிக்கணினியில் லினக்ஸ் தொகுப்பொன்றை நிறுவுகிறாள் என்று வைத்துக்கொள்க. வட்டிலிருந்த நிழற்படங்களையும் கோப்புகளையும் முதலில் வேறிடத்திற் படியெடுத்துவிட்டாள். இதனைச் செய்யாமல் தொடங்குவோர் பின்னர் வருந்துவர். நிறுவுதலும் முடிந்தது. மீண்டும் தொடங்கியபோது, திரை ஒருகணம் ஒளிர்ந்து, பின் இருண்டுவிட்டது. அவள் என் செய்வாள்?

பலர் செய்வது மீண்டும் ஒருமுறை நிறுவுதல். பிறகு மற்றொரு தொகுப்பை நிறுவுதல். அதுவும் ஆகாவிடின் யாரோ எங்கோ எழுதிவைத்த கட்டளைகளைப் பொருளறியாது ஒன்றன்பின் ஒன்றாக இடுதல். இம்முறையால் ஒருகால் கோளாறு நீங்கினும், எதனால் நீங்கிற்று என்பது விளங்காது. நீங்காவிடின், முன்னிருந்த கோளாற்றோடு தாமே புகுத்திய கோளாறுகளும் சேர்ந்துவிடும்.

கோமுகி பாசனத்தில் கடைமடை உழவர் ஒருவர் செய்வதை அவள் நினைத்துப் பார்க்கலாம். வயலுக்குத் தண்ணீர் வரவில்லையெனில் அவர் உடனே கிணறு தோண்டத் தொடங்குவதில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்காலின் வழியே மேல்நோக்கி நடக்கிறார். தம் வயல் மடையில் நீர் இல்லை, கிளைவாய்க்காலில் உண்டா? அங்கும் இல்லையெனில் பெருவாய்க்காலில் உண்டா? அணையின் மதகு திறக்கப்பட்டுள்ளதா? நீர் உள்ள இடத்திற்கும் இல்லாத இடத்திற்கும் இடைப்பட்ட பகுதியில்தான் அடைப்போ உடைப்போ இருத்தல் வேண்டும் என்பது அவர்க்குத் தெரியும். அவ்விடைவெளியைக் குறுக்கிக்கொண்டே செல்கிறார். ஈற்றில் ஒரு நண்டுவளையோ தூர்ந்த மதகுக்கண்ணோ அகப்படுகிறது.

இருண்ட திரையின் முன்னும் இதுவே முறை. முதற்கேள்வி, கணினி உயிரோடு உள்ளதா என்பது. விசைப்பலகையில் பெரிய எழுத்துக்கான 'கேப்ஸ் லாக்' விசையை அழுத்தினால் அதற்குரிய சிறுவிளக்கு எரிந்தணையுமாயின், பெரும்பாலும் உட்கரு ஓடிக்கொண்டிருக்கிறது. குறை, திரைக்குச் செல்லும் கிளைவாய்க்காலில். விளக்கு அசையாது நின்றால், குறை அதற்கும் மேலே. முன்னதாயின், தொடக்கப் பட்டியலில் 'நோமோட்செட்' என்னும் ஒரு சொல்லைச் சேர்த்துத் தொடங்கிப் பார்க்கலாம். திரைச் செயலிக்குரிய சிறப்பு இயக்கியை ஒதுக்கி, எளிய முறையில் படத்தைக் காட்டுமாறு ஏவும் சொல் அது. திரை தெளிந்ததாயின் குறை அவ்வியக்கியிலோ அதற்கு வேண்டிய துணைநிரலிலோ உள்ளது என்பது உறுதியாயிற்று. இவ்விடத்தில் பலர் மகிழ்ந்து நின்றுவிடுவர். அது பிழை. நோமோட்செட் மருந்தன்று, நோயின் இடத்தைக் காட்டும் சோதனை. அதனோடு ஓடும் கணினியில் படம் மெல்ல அசையும். திரையின் முழு நுண்மையும் கிடைப்பது அரிது.

திரைச் செயலி, கம்பியிலாத் தொடர்புக் கருவி ஆகியன பல, தம்முள் ஏற்றப்படவேண்டிய 'ஃபர்ம்வேர்' என்னும் துணைநிரலை எதிர்நோக்கி நிற்பவை. அதனை ஆக்கிய நிறுவனங்கள் பெரும்பாலும் மூலநிரலை வெளியிடாமையால், டெபியன் தன் கொள்கைப்படி நெடுங்காலம் அவற்றைத் தன் முதன்மை நிறுவல் வட்டில் சேர்க்கவில்லை. 2022இல் அதன் உறுப்பினர் வாக்கெடுத்துக் கொள்கையை மாற்றினர். 2023 சூனில் வந்த டெபியன் 12 முதலாக அவை உடன் வருகின்றன. ஆதலின் 2015ஆம் ஆண்டு எழுதப்பட்ட குறிப்பைப் பின்பற்றுவோனும் இன்றைய குறிப்பைப் பின்பற்றுவோனும் ஒரே கணினியில் வெவ்வேறு விளைவு காண்பர். எந்தக் குறிப்பைப் படித்தாலும் அதன் ஆண்டை முதலில் நோக்குதல் வேண்டும்.

திரை சீர்ப்பட்டது, இணையத் தொடர்பு கிட்டவில்லை. இங்கும் மடையிலிருந்தே தொடங்குக. பழைய மடிக்கணினிகள் சிலவற்றின் ஓரத்தில் கம்பியிலாத் தொடர்பை அணைக்கும் சிறு தள்ளுபொத்தான் ஒன்று உண்டு. அது அணைந்திருப்பதை அறியாது இயங்குதளத்தைப் பழித்தோர் பலர். பொத்தான் சரியெனில், உள்ளிருக்கும் கருவி யாது என்று கேட்டறிதல் வேண்டும். உறுப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிசிஐ' என்னும் கட்டளை, ஒவ்வொன்றையும் ஆக்கிய நிறுவனத்தின் எண்ணையும் கருவியின் எண்ணையும் காட்டும். இன்டெல் நிறுவனத்துக்குரிய எண் 8086. 1978இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரே எண்ணாயிற்று. பெட்டிமேல் ஒட்டிய பெயர் பொய்க்கலாம், ஒரே மாதிரிப் பெயரோடு வந்த இரு கணினிகளில் வேறு வேறு நிறுவனத்தின் தொடர்புக் கருவிகள் இருத்தல் உண்டு, எண்ணோ பொய்க்காது. அவ்வெண்ணைக் கொண்டு தேடினால் வேண்டிய இயக்கியும் துணைநிரலும் யாவை என்பது தெரியும். அவற்றை இறக்குதற்கே இணையம் வேண்டுமே எனில், அலைபேசியைக் கம்பியால் இணைத்து அதன் தொடர்பைக் கணினிக்கு ஈயலாம். அல்லது பிறிதொரு கணினியில் இறக்கிப் பேனா நினைவகத்திற் கொணரலாம்.

இவற்றையெல்லாம் ஊகித்தறிய வேண்டுவதில்லை. உட்கருவே தன் நாட்குறிப்பை எழுதிவைக்கிறது. தொடங்கிய நொடிமுதல் எவ்வுறுப்பைக் கண்டது, எதனை எழுப்ப முயன்றது, எக்கோப்பைக் காணாது நின்றது என்பதெல்லாம் வரிவரியாக அதில் இருக்கும். அதனைப் படிக்காமல் கோளாறு தீர்க்கப் புகுதல், வந்த கடிதத்தைப் பிரியாமல் விடை எழுதுவதை ஒக்கும். வரிகள் ஆங்கிலத்தில் உள்ளன என்று அஞ்சற்க. காணவேண்டிய சொற்கள் சிலவே. 'தோல்வி' என்றும் 'காணப்படவில்லை' என்றும் பொருள்படும் சொற்கள் நிற்கும் வரிகளைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஏட்டுச்சுவடிகளை ஆராய்ந்த தமிழறிஞரின் உழைப்பு இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர் முன்னிருந்த ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தோன்றாது. ரகரமும் காலும் ஒன்றுபோல் நிற்கும். ஓரேட்டை மட்டும் நம்பியவர் பிழையைக் கண்டறியார். பல ஏடுகளை ஒப்புநோக்கி, வேறுபட்ட இடத்தைக் குறித்து, எப்பாடம் எதனால் திரிந்தது என்று ஆய்ந்தே உண்மைப் பாடம் கொள்ளப்பட்டது. பொருள் விளங்காத இடத்தில் தாமே ஒரு சொல்லைப் புனைந்து வைத்து நகர்ந்தவர்களும் அக்காலத்தில் இருந்தனர். அவர்தம் 'திருத்தம்' பின்வந்தார்க்குப் பெருந்தொல்லையாயிற்று. கணினிக் கோளாற்றிலும் ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதலும், மாற்றியதை நாளிட்டு ஏட்டில் எழுதுதலும், பயன்தராத மாற்றத்தைப் பழைய நிலைக்கே மீட்டலும் இன்றியமையாதவை. இரண்டை ஒருங்கே மாற்றினால் எது பயன் தந்தது என்பது விளங்காது.

தமிழ் எழுதுவார்க்கு இன்னொரு திகைப்பும் நேரும். பழைய கணினியில் எழுதிவைத்த தமிழ்க் கட்டுரையைப் புதிய இயங்குதளத்தில் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் நிரம்பியிருக்கும். 'லினக்ஸ் என் கட்டுரையைக் கெடுத்துவிட்டது' என்று மாணவர் வருந்துவர். கட்டுரை கெடவில்லை. ஒருங்குறி பரவுதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்துவைத்தன. பாமினி எழுத்துருவில் அகரம் எழுதினால் வட்டிற் பதிவது ஆங்கிலச் சிற்றெழுத்தாகிய 'எம்' என்பதற்குரிய எண்ணே; எழுத்துரு அதன்மேல் அகரத்தின் உருவை வரைந்து காட்டியது. எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை நீங்கி உள்ளிருந்தது வெளிப்பட்டது, அவ்வளவே. தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. பழைய கோப்புகளை அதற்கு மாற்றும் நிரல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. தமிழ் 99 விசைப்பலகையும் லினக்சில் உண்டு. நோய் இயங்குதளத்தில் இல்லை, பழைய எழுத்துமுறையில் உள்ளது என்று இடத்தைப் பிரித்தறிந்தால், செய்யவேண்டிய வேலை அரைமணி நேரத்து வேலை.

எல்லாக் கோளாறும் தீரும் என்று கூறுவார் கூற்றை ஏற்றல் ஆகாது. வட்டு கரகரவென ஒலிசெய்து பிழைகளைப் பெருக்குமாயின் அதற்கு மருந்தில்லை, மாற்றுதலே வழி. மின்கலம் வீங்கியிருப்பின் அதனைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பற்றும் இடருண்டு, கற்றவரிடம் ஒப்படைத்துக் கழிக்கவேண்டும். 2 கிகாபைட்டு நினைவகத்தில் இன்றைய இணைய உலாவி பல பக்கங்களைத் திறந்தால் திணறும். இலகுவான திரையமைப்பைக் கொண்ட தொகுப்பு ஓரளவு துணைசெய்யும், அதிசயம் செய்யாது. திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளத்தோடு வங்கிக் கணக்கைத் திறத்தல் அறிவுடைமையாகாது. கட்டுரை எழுதுதற்கும், நிரல் பயில்தற்கும், பாடநூலும் ஒளிப்பாடமும் காண்டற்கும் தகுதியான கணினி, மற்ற எல்லாவற்றிற்கும் தகுதியாக இல்லாமை அதன் குற்றமன்று.

இத்துறையில் அரசுகள் முயலாமல் இல்லை. எல்காட் நிறுவனம் 2006, 2007ஆம் ஆண்டுகளில் தன் அலுவலகக் கணினிகளில் சூசே லினக்சைப் புகுத்தியது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தபோது, பாஸ் லினக்சை நிறுவுமாறு தமிழ்நாட்டு அரசுத் துறைகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. ஆயினும் அலுவலகங்களுக்கு அறிவுறுத்துதல் ஒன்று, பள்ளிகளில் பயிற்றுதல் மற்றொன்று. அண்டை மாநிலமான கேரளம் பின்னதைச் செய்தது. 2001இல் தொடங்கிய 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் பள்ளிக் கணினிகளை லினக்சுக்குக் கொணர்ந்தது. ஆசிரியர்களே அதனைக் கற்றுக் கற்பித்தனர். 2017இல் அது 'கைட்' என்னும் நிறுவனமாயிற்று. 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் மன்றங்கள் பள்ளிதோறும் தோன்றின. கணினியைப் பயன்படுத்துவோராக மட்டுமன்றி அதன் உள்ளமைப்பை அறிந்தோராகவும் மாணவரை ஆக்குதல் அங்கே பாடத்தின் பகுதியாயிற்று. தமிழ்நாட்டுக்கு அது இயலாத செயலன்று. கணினிகளை வாங்குதற்குச் செலவிட்ட தொகையோடு ஒப்பிட்டால், அவற்றைப் பேணக் கற்பித்தற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

தமிழ்நாட்டுக்கு வேறெங்கும் எளிதில் வாய்க்காத வசதி ஒன்றும் உண்டு. ஒரே மாதிரிக் கணினிகள் ஆயிரக்கணக்கில் ஒருங்கே வாங்கி வழங்கப்பட்டமையால், ஒன்றில் கண்ட கோளாற்றின் தீர்வு அதே மாதிரியைச் சார்ந்த பலவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். கச்சிராயபாளையத்தில் ஒரு மாணவன் தொடர்புக் கருவியின் எண்ணைக் கண்டு உரிய துணைநிரலைத் தேர்ந்தானெனில், சங்கராபுரத்திலும் சின்னசேலத்திலும் உள்ளார் மீண்டும் தேடி இடர்ப்பட வேண்டுவதில்லை. ஆனால் அவன் கண்டது அவனோடே நின்றுவிடுகிறது. எழுதிவைக்கும் ஏடு எந்தப் பள்ளியிலும் இல்லை. இது பெருங்குறை. ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியும் அத்தகைய ஏடொன்று வைத்து, கணினியின் அடிப்பகுதியில் ஒட்டிய மாதிரி எண், செயலி, நினைவக அளவு, நிறுவிய தொகுப்பும் அதன் ஆண்டும், தோன்றிய கோளாறு, அதன் இடத்தைக் கண்டறிந்த வகை, செய்த மாற்றம் ஆகியவற்றைத் தமிழில் எழுதச் செய்தல் வேண்டும். பயன்தராத முயற்சிகளையும் விடாமல் எழுதவேண்டும்; பின்வருவோர்க்கு அவையும் வழிகாட்டும்.

மலைமேல் உள்ள ஊர்களுக்கு இது இன்னும் இன்றியமையாதது. வெள்ளிமலையைச் சூழ்ந்த சிற்றூர்களில், மலைச்சரிவு மறைக்குமிடத்தில் அலைபேசித் தொடர்பு சீராக எட்டுவதில்லை. கோளாறு நேர்ந்தபின் இணையத்தில் தேடிக்கொள்ளலாம் என்னும் அறிவுரை அங்கே பயன்படாது. ஆதலின் அடிவாரத்துப் பள்ளியொன்று, நிறுவல் தொகுப்பையும் அதற்குரிய துணைநிரல்களையும் மென்பொருள் களஞ்சியத்தின் ஒரு பகுதியையும் பேனா நினைவகங்களில் பதித்து வைத்திருக்கலாம். பதித்தது பிழையின்றிப் பதிந்ததா என்று அதனோடு வெளியிடப்பட்ட சரிபார்ப்பு எண்ணைக் கொண்டு சோதித்தல் வேண்டும். நிறுவும்போது இடையில் நின்றுவிடும் கோளாறுகளில் பல, குறையாகப் பதிந்த நினைவகத்தால் வருவனவே. மலையினின்று படிக்க இறங்கிவரும் மாணவர், வாரத்தின் இறுதியில் வீடு திரும்பும்போது அந்நினைவகத்தையும் ஏட்டின் படியையும் கையில் கொண்டு செல்வர்.